தீப்பொறியும் எச்சரிக்கை விளக்கும்

விடுமுறை நாட்களில் பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல, தம்முடைய மோட்டார் வண்டியையே நம்பிப் புறப்படுகின்றன. வழியில் வண்டி குலுங்கி, இழுவை குறைந்து, ஓட்டுபவரின் எதிரே இயந்திர வடிவமுள்ள மஞ்சள் விளக்கு எரியுமாயின், மேலே செல்வதா, நிற்பதா என்னும் ஐயம் எழுகின்றது. அவ்விளக்கு எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்தால், அது நமக்குச் சொல்வது எது, சொல்லாமல் விடுவது எது என்பது தெளிவாகும்.

பெட்ரோல் இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலும், இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறை தீப்பொறி பிறக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுழற்சி வேகத்தில் இது சிலிண்டர் ஒன்றுக்கு வினாடிக்கு 25 முறையாகும். இவற்றுள் சில தவறிவிடுவதையே நம் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பர். அதற்கு மூலகாரணங்கள் மூன்றுதாம்: தீப்பொறி இல்லாமை, காற்றும் பெட்ரோலும் உரிய அளவில் சேராமை, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம் இல்லாமை.

இந்நோய் மோட்டார் வண்டியின் அளவுக்கே பழமையானது. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் அமைத்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். வழியில் பெட்ரோல் குழாயின் அடைப்பைத் தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார் என்றும், தேய்ந்துபோன மின்கம்பியைக் காலுறைப் பட்டியால் சுற்றினார் என்றும் கூறுவர். எரிபொருள் ஒன்று, தீப்பொறி ஒன்று என இரு காரணங்களையும் அவர் அன்றே சந்தித்துவிட்டார். பின்னர் 1902-இல், ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். விரைந்து சுழலும் இயந்திரங்களுக்கு நம்பத்தக்க தீப்பொறி அதனால் கிட்டியது.

அந்நிறுவனத்தின் தொடர்பில் 1951-இல் தோன்றியதே மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது பெங்களூர்வாசிகள் நன்கறிந்த 'மைக்கோ'. ஆடுகோடியில் அமைந்த அதன் தொழிற்சாலையில் ஸ்பார்க் பிளக்குகளும் டீசல் பம்புகளும் உருவாயின. 2008-இல் கம்பெனி போஷ் என்று பெயர் மாறியது. ஆயினும் மைக்கோ லேஅவுட் என்னும் குடியிருப்பின் பெயரில் பழைய பெயர் நிலைத்துள்ளது. தமிழ்நாட்டிலும் 1961-இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தோன்றி, வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளைச் செய்யலாயிற்று.

அக்காலத்து அம்பாசடரிலும் ஃபியட்டிலும் எச்சரிக்க இவ்விளக்கு இல்லை; மெக்கானிக்கின் செவியே விளக்கு. இயந்திரம் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாக அவர் கழற்றுவார். கழற்றியதும் ஓசை மேலும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நலமாக உள்ளது. மாறுதலே இல்லையெனில் குற்றவாளி அதுவே. பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். இளம் பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. வறண்ட கரி பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பசை ரிங்கின் தேய்மானத்தைக் காட்டும். வெளுத்த முனை மிகுவெப்பத்தைக் காட்டும்.

விளக்கின் வரலாறோ வேறிடத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியபோது, வண்டிப் புகையிலுள்ள எரியாத எரிபொருள் வெயிலில் மாறுதலடைவதே அதற்குக் காரணம் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மிட் என்னும் விஞ்ஞானி விளக்கினார். அதன் வழியே சட்டங்கள் பிறந்தன. வண்டி தன் புகைத்தடுப்புக் கருவிகளைத் தானே கண்காணிக்க வேண்டும் என்னும் விதி 1988-இல் கலிபோர்னியாவிலும், அதன் விரிந்த வடிவம் 1996-இல் அமெரிக்கா முழுவதிலும் வந்தது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பெங்களூர், சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் நிலை நான்கு விதிகளுடன் இக்கண்காணிப்பின் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் நடைமுறைக்கு வந்தன.

ஆகவே, இவ்விளக்கு முதன்மையாகக் காற்றைக் காக்க ஏற்பட்டது. பழுதுபார்ப்பவருக்கு விடை கூற ஏற்பட்டதன்று. கிராங்க் தண்டின் சுழற்சி ஒரு நொடியின் சிறு பகுதியில் தளர்வதைக் கணினி உணர்ந்து, எந்தச் சிலிண்டரில் தவறு நேர்ந்தது என்று குறித்துக்கொள்கிறது. பி 0301 என்றால் முதல் சிலிண்டர். பி 0300 என்றால் பல சிலிண்டர்களில் ஒழுங்கற்ற தவறு. இடத்தை இக்குறி சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. குறியைக் கண்டவுடன் ஜே.சி. ரோடு கடைகளில் புதிய பாகங்களை வாங்கிப் பொருத்திய பின்பும் நோய் தீராது வருந்துவோர், இவ்வேறுபாட்டைக் கருதாதவரே.

செய்யத்தக்கது யாது? சிலிண்டருக்கு ஒரு காயில் அமைந்த வண்டியில், இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்ட பின், முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றி, பழைய குறியை நீக்கி, ஓட்டிப் பார்க்க வேண்டும். குறி 0303 என மாறினால் பழுது காயிலில் உள்ளது. மாறாவிடில் பிளக்கையும், பின் இன்ஜெக்டரையும் அவ்வாறே சோதித்து, இறுதியில் சிலிண்டர் அழுத்தத்தை அளக்க வேண்டும். பல சிலிண்டர்களும் தவறினால், காற்றுக் கசிவையும் பெட்ரோல் அழுத்தத்தையும் முதலில் ஆராய வேண்டும். பழைய மெக்கானிக்கைப் போல ஓடும் இயந்திரத்தில் வயரைக் கழற்றுவது இக்கால வண்டிகளுக்கு ஆகாது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் ஆளுக்கும் கணினிக்கும் தீங்கு செய்யும்.

விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் சீராக ஓடினால், மெதுவாகச் சென்று விரைவில் சோதிக்கலாம். அது விட்டுவிட்டு எரிந்தாலோ, பெரும்பாலான வண்டிகளில் அது கடும் மிஸ்ஸிங்கின் அறிகுறி. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக் கருவியை அடைந்து அங்கே எரிகிறது. பிளாட்டினம் முதலிய அரிய உலோகங்களைத் தாங்கும் தேனடை போன்ற பீங்கான் அவ்வெப்பத்தில் உருகிவிடக்கூடும். சில நூறு ரூபாய்ப் பிளக்கின் குறை, பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக வளர்வது இவ்வாறே. அந்நிலையில் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

ஸ்பார்க் பிளக் செய்த இந்நகரிலேயே, இன்று வண்டிக் கணினிகளுக்கான மென்பொருளும் எழுதப்படுகிறது. கருவிகள் எத்துணை மாறினும், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி விளைவைக் காணும் அந்தப் பழைய மெக்கானிக்கின் முறை இன்றும் மாறவில்லை.