சிவகங்கை ஜமீன் வம்சாவளி: நில ஆவணங்களும் நீதிமன்ற ஆவணங்களும் (1801–1863)

ஆய்வுச் சுருக்கம்

காலனிய ஆட்சிக் காலத்து நில ஆவணங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் கொண்டு ஒரு குடும்பத்தின் வம்சாவளியை மீட்டெடுக்கும் முயற்சியில் எழும் சிக்கல்களைச் சிவகங்கை ஜமீனின் வாரிசுரிமை வழக்கை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. 1801இல் குடிவழி உரிமையை முன்னிறுத்தி ஒருவரிடம் அளிக்கப்பெற்ற ஜமீன், 1863இல் அவருடைய சுயார்ஜிதச் சொத்தாகவே கொள்ளப்பட்டது. இம்முரணை விளக்குவதன் வழி, இவ்வகை ஆவணங்கள் வம்சாவளியைப் பதிவு செய்தன என்பதைவிட, தத்தம் தேவைக்கேற்ப வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிவகங்கை, வம்சாவளி, சன்னது, சுயார்ஜிதம், பிரிவி கவுன்சில், திருச்சிராப்பள்ளி.

முன்னுரை

திருவெள்ளறையில் சுவத்திக வடிவில் அமைந்த கிணறு ஒன்று உள்ளது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கப்பெற்று ஐந்தாம் ஆட்சியாண்டில் நிறைவுற்ற இதனை மாற்பிடுகு பெருங்கிணறு என அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. இதனை எடுப்பித்தவன் ஆலம்பாக்கத்து விசையநல்லுழானின் தம்பி கம்பன் அரையன். ஊர், தமையன் பெயர், தன் பெயர் ஆகிய மூன்றும் ஒருவனை அடையாளப்படுத்தப் போதுமானவையாக இருந்தன. ‘தம்பி’ என்னும் உறவை மெய்ப்பிக்க வேண்டிய தேவை கல்வெட்டுக்கு எழவில்லை. அவ்வுறவைக் கொண்டு எவரும் அங்கே சொத்துக் கோரவில்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அதே தமையன்–தம்பி உறவின் சட்டப் பொருள் என்ன என்ற வினா முப்பத்து நான்கு ஆண்டுகள் நீதிமன்றங்களில் நின்றது. 1829இல் இறந்த சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவருக்கு வாரிசு யார் என்பதே அவ்வழக்கு. கட்டமநாச்சியார் வழக்கு எனச் சட்ட நூல்களில் அறியப்பெறும் இதன் இறுதித் தீர்ப்பு 1863ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் பிரிவி கவுன்சிலில் வழங்கப்பெற்றது. இந்துச் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு பலரால் பேசப்பட்டுள்ளது. குடும்ப வரலாற்றுச் சான்றாக இதனை எவ்வாறு படிப்பது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

1801: இரண்டு அறிக்கைகள்

சிவகங்கைச் சீமை சேதுநாட்டிலிருந்து பிரிந்து உருவானது. நாலுகோட்டைப் பெரிய உடையத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவர் 1730ஆம் ஆண்டளவில் இதன் முதல் மன்னரானார். அவர் மகன் முத்துவடுகநாதத் தேவர் 1772இல் காளையார்கோயில் போரில் உயிரிழந்தார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் பெற்று, 1780இல் சீமையை மீட்டார். அவர் மகள் வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் பின்னர் அரசராக இருக்க, நிர்வாக அதிகாரம் மருது சகோதரர்களிடம் இருந்தது.

1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், மருது பாண்டியரின் பெயரால் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலின் புறமதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. அதில் மருது பாண்டியர் தம்மை மன்னர்களின் ஊழியர் என்றே குறித்துக்கொள்கிறார். அரச குடிவழியை அவர் தமக்கு உரியதாகக் கோரவில்லை. மூன்று வாரங்களுக்குள், ஜூலை 6ஆம் நாள், கம்பெனி அரசு எதிர் அறிக்கை வெளியிட்டது. மருது சகோதரர்கள் உரிமையின்றி அதிகாரத்தைக் கைக்கொண்டவர்கள் என்றும், சிவகங்கைக்கு உரியவர் படமாத்தூரைச் சேர்ந்த கௌரி வல்லபத் தேவரே என்றும் அது காட்டியது.

ஊழியம் என்ற உரிமைக்கு எதிராகக் குடிவழி என்ற உரிமை நிறுத்தப்பட்டது இங்கே கருதத்தக்கது. கம்பெனிக்கு அப்போது வேண்டியிருந்தது சீமை மக்களின் பற்றைக் கிளர்ச்சியாளரிடமிருந்து பிரிக்கவல்ல ஒரு பெயர். அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வேங்கன் பெரிய உடையத் தேவர் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். கௌரி வல்லபத் தேவர் 1803இல் நிலையான சன்னது பெற்று ஜமீன்தாரானார்.

நில ஆவணம்: ஒரு பெயரின் வரலாறு

1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அமைந்த சாசுவத நிலவரித் திட்டத்தில், ஒரு ஜமீனுக்கு உரிய அடிப்படை ஆவணங்கள் இரண்டு. அரசு வழங்கும் சன்னது ஒன்று, ஜமீன்தார் எழுதித் தரும் கபூலியத்து மற்றொன்று. ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகையும் அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதுமே இவற்றின் நோக்கம். ஆகவே ஓர் ஆளின் பெயர் போதுமானது. அவர் தமையன் யார், தம்பி யார், மனைவியர் எத்தனை பேர் என்பவை வரி வாங்கும் அரசுக்கு அப்போது தேவைப்படவில்லை.

இனாம் நிலங்களின் நிலை வேறு. 1858இல் அமைக்கப்பெற்ற இனாம் ஆணையம் தயாரித்த பதிவேடுகளில், முதலில் மானியம் பெற்றவர், முந்தைய கணக்குகளில் பதிவானவர், தற்போது அனுபவிப்பவர், அவர்களுக்கிடையேயான உறவு, வயது ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. மானியம் பரம்பரையாகத் தொடர்கிறதா என்பதைப் பொறுத்தே வரி முடிவு செய்யப்பட்டதால், அங்கே உறவுமுறை பதிவுக்குரிய செய்தியாயிற்று. எனவே ஓர் ஆவணத்தில் மூதாதையர் பெயர் இருப்பதும் இல்லாமற்போவதும் அவ்வாவணம் எந்த வினாவுக்கு விடையாக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. சன்னதில் ஓர் உறவினர் காணப்படாமையைக் கொண்டு அவர் குடும்பத்தில் இல்லை என்று முடிவு செய்தல் பிழையாகும்.

ஆண்டுக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. பசலி ஆண்டுடன் 590ஐக் கூட்டிக் கிறித்தவ ஆண்டைக் கணக்கிடுவது வழக்கம். எனினும் சென்னை மாகாணத்தில் பசலி ஆண்டு தொடக்கத்தில் ஆடிப் பிறப்பை ஒட்டி, ஜூலை நடுப்பகுதியில் பிறந்தது. 1855இல்தான் அது ஜூலை 1 என மாற்றப்பட்டது. இதன்படி 1801 ஜூலை 6 என்பது பசலி 1210இன் இறுதி நாள்களுள் ஒன்று. பிற்கால முறையை முன்னோக்கிப் பொருத்துவோர் அதனை 1211 எனக் கொள்ள நேரும். ஒருவர் இறந்த ஆண்டும் மற்றவர் பெயருக்குக் கணக்கு மாறிய ஆண்டும் வழக்கின் மையமாக அமையும்போது இவ்வேறுபாடு சிறியதன்று.

பெயர்ச் சிக்கல்

‘பெரிய உடையத் தேவர்’ என்பது இம்மரபில் பட்டமாகவும் பெயராகவும் வருவது. சசிவர்ணத் தேவரின் தந்தையும் அப்பெயரினர். எழுபது ஆண்டுகளுக்குப் பின் நாடு கடத்தப்பட்டவரும் அப்பெயரினர். ‘முத்துவடுக’ என்ற முன்னொட்டும் பல தலைமுறைகளில் திரும்ப வருகிறது. இப்பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் தம் செவிக்கேற்ப எழுதியதால் ஒரே ஆள் இருவராகவும், இருவர் ஒருவராகவும் தோன்றுவர். கௌரி வல்லபத் தேவருக்குப் பல பெயர்கள் உண்டென்றும், வசதி கருதி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வதாகவும் 1863ஆம் ஆண்டுத் தீர்ப்பே தொடக்கத்தில் கூறுகிறது. இன்று நாம் வழங்கும் பெயர் இவ்வாறு நீதிமன்றத்தின் வசதியால் நிலைபெற்றது. பெயரை மட்டும் கொண்டு தலைமுறைகளை இணைப்பதைவிட, பெயரோடு ஊர், இறந்த ஆண்டு, சொத்து ஆகியவற்றையும் ஒப்பிட்டு ஆளை உறுதி செய்வதே தகுந்த முறை.

நீதிமன்ற ஆவணம்: வழக்கு வரைந்த வம்சாவளி

கௌரி வல்லபத் தேவரின் தமையன் ஒய்யாத் தேவர் 1815இல் இறந்தார். கௌரி வல்லபர் 1829இல் ஆண் மக்களின்றி இறந்தார். அவர் மணந்த எழுவருள் மூவர் அப்போது உயிருடன் இருந்தனர். மகள்களும் இருந்தனர். ஆயினும் ஜமீன் தமையன் மகன் முத்துவடுகத் தேவரிடம் சென்றது. அவர் 1831இல் இறக்க, அவர் மகன் போதகுருசாமித் தேவர் உரிமை கொண்டார். கௌரி வல்லபரின் மனைவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் இதனை எதிர்த்து வழக்காடினார்.

அக்காலத்தில் தென்மண்டல மாகாண நீதிமன்றம் திருச்சிராப்பள்ளியில் இயங்கியது. மதுரைச் சீமையின் பெருமதிப்புடைய வழக்குகள் அங்கே வந்தன. 1843இல் மாகாண நீதிமன்றங்கள் கலைக்கப்பட்டதால், ஒரே குடும்பத்தின் வழக்கு முன்னும் பின்னும் வெவ்வேறு நீதிமன்றங்களில் நடந்தது. சிவகங்கைக் குடும்ப ஆவணங்களைத் தேடும் ஆய்வாளர் சிவகங்கையோடும் மதுரையோடும் நின்றுவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

1850இல் அங்கமுத்து நாச்சியார் இறந்தபின், மற்றொரு மனைவியின் மகளான கட்டமநாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார். தமையனும் தம்பியும் பாகம் பிரியாத குடும்பத்தினர், ஆகவே சொத்து எஞ்சிய ஆண்வழிக்கே செல்லும் என்பது தமையன் வழியினரின் வாதம். அவர்கள் பிரிந்து வாழ்ந்தவர்கள் என்பதும், ஜமீன் கௌரி வல்லபர் தனித்துப் பெற்றது என்பதும் நாச்சியார் தரப்பு வாதம்.

வாதங்களின் இவ்வமைப்பே நீதிமன்ற வம்சாவளியின் வடிவத்தைத் தீர்மானித்தது. மகன், பேரன், கொள்ளுப்பேரன் இல்லாதபோது மனைவி, மகள், மகள் வயிற்றுப் பேரன் என்ற வாரிசு வரிசை பொருட்படுத்தப்பட்டதால், எந்த மனைவிக்கு எந்த மகள், எந்த மகளுக்கு எந்த மகன் என்பது துல்லியமாகப் பதிவாயிற்று. சன்னதில் இடம்பெறாத பெண்கள் வழக்கில் பெயரோடு தோன்றுகின்றனர். அதே வேளையில், உரிமை கோராது இறந்தோரும் உரிமை கோர வழியற்றோரும் இவ்வம்சாவளியிலிருந்து மறைகின்றனர். சசிவர்ணரின் நேர்வழி அற்றுப்போயிற்று என்று தீர்ப்பு கொள்ளும் 1801இல், சீமையின் அரசர் வேங்கன் பெரிய உடையத் தேவர் உயிருடன் இருந்தார். மருமகன் என்பதால் அவர் சட்டக் கணக்கில் நேர்வழியினர் ஆகார். ஆனால் நேர்வழி அற்றது என்ற ஒற்றை வரியில் ஓர் அரசரின் நாடுகடத்தல் அடங்கிவிடுகிறது.

குடிவழியும் சுயார்ஜிதமும்

பழைய வழி அற்றதால் ஜமீன் கம்பெனி அரசைச் சேர்ந்தது என்றும், அரசு அதனைக் கௌரி வல்லபருக்குப் புதிதாக வழங்கியது என்றும், எனவே அது அவருடைய சுயார்ஜிதம் என்றும் கொள்ளப்பட்டது. பாகம் பிரியாத குடும்பத்தில் ஒருவர் வாழ்ந்திருப்பினும் அவருடைய சுயார்ஜிதம் எஞ்சிய பங்காளிகளுக்குச் செல்லாது, மனைவிக்கும் மகளுக்குமே செல்லும் எனப் பிரிவி கவுன்சில் தீர்த்தது. கட்டமநாச்சியார் ஜமீனைப் பெற்றார்.

இத்தீர்ப்பின் வரலாற்றுப் பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. 1801இல் கௌரி வல்லபர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அடிப்படை அவருடைய குடிவழி. 1863இல் அவர் மகள் வென்றதற்கு அடிப்படை, அச்சொத்து குடிவழியாக வந்ததன்று என்ற முடிவு. ஜமீன் உண்மையிலேயே பிதிரார்ஜிதம் என்று நிறுவப்பட்டிருந்தால் தமையன் வழியினரின் வாதம் வலுப்பெற்றிருக்கும். மூதாதையரின் பெருமையை நிலைநாட்டுவது கட்டமநாச்சியாருக்கு இழப்பாக முடிந்திருக்கும். ஒரே குடும்பம், ஒரே அறிக்கை, இரு காலங்களில் இரு பொருள்கள்.

இவ்வழக்கோடு பூசல் ஓயவில்லை. தமையன் வழியினரிடமிருந்த படமாத்தூர்ப் பாளையப்பட்டின் வாரிசுரிமை 1878இலும், சிவகங்கை ஜமீனின் வாரிசுரிமை 1881இலும் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றன. ஒவ்வொரு வழக்கும் வம்சாவளியை மீண்டும் வரைந்தது.

முடிவுரை

காலனியக் கால நில ஆவணம் வரிப் பொறுப்பாளரைத் தேடியது. நீதிமன்ற ஆவணம் வாரிசைத் தேடியது. குடும்பம் முழுவதையும் அறிய இரண்டுமே முற்படவில்லை. ஆகவே இவற்றிலிருந்து வம்சாவளி வரைவோர், ஒவ்வோர் உறவுக் கூற்றுக்கும் அருகே அது யாரால், எவ்வழக்கில், எவ்வுரிமைக்காகக் கூறப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். ஒரு தரப்பு கூறியதை மறுதரப்பு மறுக்காதவிடத்து அக்கூற்றின் வலிமை மிகும். இருதரப்பும் மௌனம் காத்தவிடத்தில் வேறு சான்றுகளைத் தேட வேண்டும்.

தம் மூதாதையரை இவ்வாவணங்களில் தேடும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அச்சிட்ட தீர்ப்பில் கண்ட கொடிவழியை முழு உண்மையாகக் கொள்ளும் வழக்கமும் உள்ளது. அக்கொடிவழி ஒரு சொத்துக்காக வரையப்பட்டது என்பதை உணர்த்துவது ஆய்வாளரின் கடமை. கம்பன் அரையனைத் ‘தம்பி’ என்று கல்வெட்டு கூறியபோது அச்சொல்லுக்கு உறவு என்ற பொருள் மட்டுமே இருந்தது. ஒய்யாத் தேவரின் தம்பி என்று கௌரி வல்லபரை நீதிமன்றம் கூறியபோது, அச்சொல்லின் மேல் ஒரு சீமையே நின்றது.