பொதுக் கம்பியும் தனி வழியும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மாலைப்பொழுதில், எங்கள் பாடசாலைக் கணினிக்கூடத்து இயந்திரங்கள் யாவும் ஒரே வேளையில் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிட்டன. கணினிகள் பழுதடையவில்லை, மின்சாரமும் இருந்தது. கணினிகளின் வடங்களெல்லாம் வந்து சேரும் சிறு பெட்டியின் விளக்குகள் மட்டும் ஓய்வின்றித் துடித்துக்கொண்டிருந்தன. கூடத்தைத் துப்புரவு செய்த மாணவன் ஒருவன், தரையிற் கிடந்த வடத்தின் முனையொன்றைக் கண்டு, அதனை ஒழுங்காக வைக்கும் நோக்கத்துடன், பெட்டியில் வெறுமையாயிருந்த துறையொன்றிற் செருகியிருந்தான். அவ்வடத்தின் மறுமுனை ஏற்கெனவே அதே பெட்டியில் இருந்தது. நான் அவனைக் கடிந்துகொண்டேன். அக்கடுஞ்சொல் தகுமா என்ற வினாவே அப்பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

அப்பெட்டிக்கு வலையமைப்பு ஆளி என்று பெயர். வடங்களைச் செருகும் வாய்களைத் துறைகள் என்கிறோம். பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் கப்பல் அணையும் இடத்தைக் குறிக்கும் அதே சொல்தான். சரக்கு இறங்கி உரிய இடத்துக்குச் செல்வது அங்கு. செய்தி இறங்கி உரிய கணினிக்குச் செல்வது இங்கு.

இவ்வரலாறு வானொலி அலையில் தொடங்குகின்றது என்பதை அறிந்தால் நேயர்கள் மகிழ்வீர்கள். 1971 ஆம் ஆண்டில், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் ஏபிரம்சனும் அவர்தம் துணைவர்களும் தீவுகளுக்கிடையே கணினிச் செய்திகளை வானொலி வழியாக அனுப்பினர். நிலையங்கள் யாவும் ஒரே அலைவரிசையிற் பேசின. இரு நிலையங்கள் ஒரே கணத்திற் பேசினால் இரண்டின் செய்தியும் சிதைந்துவிடும். அப்போது ஒவ்வொன்றும் தத்தமக்கு வாய்த்த ஒரு சிறு காலம் காத்திருந்து, மீண்டும் அனுப்பும்.

கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ற்றோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய றொபேட் மெற்காஃப் இம்முறையைக் கற்றுத் திருத்தினார். 1973 மே 22 ஆம் நாள் எழுதிய குறிப்பொன்றில், தாம் கருதிய வலையமைப்புக்கு ஈதர்நெற் என்று பெயரிட்டார். ஒளியைச் சுமந்து செல்லும் ஈதர் என்னும் பொருள் அண்டமெங்கும் நிறைந்துள்ளதென முற்காலத்து அறிஞர் நம்பினர். 1887 இல் மைக்கல்சனும் மோர்லியும் நடத்திய சோதனையில் அதன் சுவடு காணப்படவில்லை. இல்லாத பொருளின் பெயர், இருக்கும் கம்பிக்குச் சூட்டப்பட்டது. டேவிட் பொக்ஸ் என்பவருடன் சேர்ந்து மெற்காஃப் அமைத்த அவ்வலையமைப்பு செக்கனுக்கு 2.94 மில்லியன் பிற்றுகளைக் கொண்டுசென்றது.

அதன் விதி நல்ல சபையொன்றின் விதியை ஒத்தது. பேசுமுன் கேள், பிறர் பேசினால் பொறுத்திரு, இருவர் ஒருங்கே பேச நேர்ந்தால் இருவரும் நிறுத்தி, சற்றுப் பொறுத்துத் தொடங்குக. 1983 இல் இம்முறை பொது நியமமாயிற்று. ஆயினும் சபை பெருகப் பெருக மோதலும் பெருகியது. அன்றியும், அனைவருக்கும் பொதுவான அக்கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் சபை முழுவதும் ஊமையாயிற்று.

1990 இல் ஏற்கப்பட்ட நியமம், முறுக்கிய மென்கம்பிகளாலான தனி வடமொன்றை ஒவ்வொரு கணினிக்கும் வழங்கியது. அவ்வடம் 100 மீற்றர் வரை செல்லலாம். வடங்கள் கூடும் குவியம் என்னும் பெட்டியோ, ஒரு துறையிற் கேட்டதை மற்றெல்லாத் துறைகளிலும் திருப்பிக் கூறுவதாகவே இருந்தது. கம்பி தனித்தனியாயினும் சபை ஒன்றாகவே இருந்தது.

இதனை மாற்றியது ஆளி. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் நிறுவிய கல்பனா என்னும் நிறுவனம், 1990 ஆம் ஆண்டளவில் ஏழு துறைகள் கொண்ட ஈதர்நெற் ஆளியை விற்பனைக்குக் கொணர்ந்தது. வலையமைப்புகளை இணைத்த பாலங்கள் என்னும் கருவிகள் 1980களிலேயே கற்றிருந்த ஒரு வித்தையை அது துறைதோறும் கையாண்டது. ஒவ்வொரு கணினிக்கும் 48 பிற்று நீளமான முகவரி உண்டு. எந்த முகவரியிலிருந்து வரும் செய்தி எந்தத் துறையில் நுழைகின்றது என்பதை ஆளி நோக்கி, அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். பின்னர் அம்முகவரிக்கு வரும் செய்தியை அத்துறைக்கு மட்டுமே அனுப்பும். அறியாத முகவரியாயின், வந்த துறை தவிர்ந்த எல்லாத் துறைகளிலும் அனுப்பும். எவரும் அதற்குக் கற்பிப்பதில்லை, கேட்டே கற்கின்றது. இதனால் ஒரே வேளையிற் பல சோடிக் கணினிகள் ஒன்றையொன்று தடுக்காமற் பேச இயன்றது.

இனி அம்மாணவனின் வடத்துக்கு வருவோம். எல்லோருக்குமென அனுப்பப்படும் அறிவித்தல்களை ஆளி எல்லாத் துறைகளிலும் விடும். அவ்வடத்தின் ஒரு முனையால் வெளியேறிய அறிவித்தல் மறுமுனையால் உள்ளே நுழைந்தது. ஆளி அதனைப் புதியதென எண்ணி மீண்டும் பரப்பியது. இத்தனை தடவை சுற்றியபின் ஓய்க என்று கட்டளையிடும் குறிப்பெதுவும் ஈதர்நெற் செய்தியில் இல்லை. ஆகவே அறிவித்தல்கள் சுழன்று பெருகி, வழியை அடைத்தன.

இவ்விடரை முன்னரே உணர்ந்தவர் றேடியா பேள்மன் என்னும் அம்மையார். டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனத்திற் பணியாற்றிய அவர், 1985 இல் இதற்குரிய முறையை வகுத்தார். அதன்படி பாலங்கள் தமக்குள் செய்தி பரிமாறி, சுற்று உண்டாக்கும் இணைப்பை மூடி, வலையமைப்பைச் சுற்றில்லாத மரத்தின் கிளைகள்போல ஆக்கிக்கொள்ளும். வேறோர் இணைப்பு அறுந்தால் மூடியது திறக்கும். பிழை நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு முன்கூட்டியே இடம் வகுத்த அறிவு அது.

எங்கள் மலிவுப் பெட்டிக்கு அவ்வறிவு இல்லை. அதனை வாங்கியவன் நான். வடங்களுக்கு அடையாளம் இடாமல் விட்டவனும் நானே. மாணவன் செய்ததோ, சிதறிக் கிடந்ததை ஒழுங்காக்க முயன்றது மட்டுமே. மறுநாட் காலை அவனை அழைத்து, பிழை என்னுடையது என்று கூறினேன். இன்று அக்கூடத்தில் ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும் பெயர்த்துண்டு ஒட்டப்பட்டுள்ளது. அவற்றிலுள்ள கையெழுத்து அம்மாணவனுடையது.