அசையும் சுரமும்

பாடலை எழுதிவைப்பது எளிது. பண்ணை எழுதிவைப்பது அரிது. எந்த அசைக்கு எந்தச் சுரம் என்று இரண்டையும் பிசகாமல் இணைத்து எழுதுவது அதனினும் அரிது. திருச்சபையின் பாடகர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்பணியில் உழைத்துள்ளனர் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பது குறைவே.

பழைய இலத்தீன் ஏடுகளில் சொற்களின் மேல் 'நியூமா' என்னும் சிறு குறிகள் இடப்பட்டன. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் அவை காட்டின. எத்துணை என்பதைக் காட்டவில்லை. எனவே பாடலை முன்பே அறிந்தவர்க்கே அவை பயன்பட்டன. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திஜோன் நகர மடத்தோடு தொடர்புடைய சுவடியொன்று, அக்குறிகளோடு சுர எழுத்துகளையும் அசைகளின் மேல் வரிசையாக அமைத்தது. அச்சுவடி இன்று மொம்பெலியே நகரில் உள்ளது.

அதே நூற்றாண்டின் துறவியாகிய அரெத்சோ குய்தோ, திருமுழுக்கு யோவானைப் போற்றும் பாடலொன்றின் ஆறு தொடர்களும் படிப்படியாக உயர்ந்த சுரங்களில் தொடங்குவதைக் கொண்டு இசை கற்பித்தார். அவற்றின் முதல் அசைகளாகிய ஊத், ரே, மி, ஃபா, சொல், லா என்பனவே சுரங்களின் பெயர்களாயின. வழிபாட்டின் சொல்லே சுரத்திற்குப் பெயரிட்டது என்பது நம் சிந்தனைக்குரியது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாரா குளோவர் அம்மையார் வகுத்த எழுத்துமுறையை, ஜான் கர்வன் என்னும் போதகர் செப்பனிட்டுப் பரப்பினார். சாதாரண அச்செழுத்துகளே அதற்குப் போதுமாயின. நம் நாட்டிலோ, 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு அச்சேற்றியது.

கணினிக் காலத்திலும் அதே சிக்கல் தொடர்ந்தது. 1993இல் கிறிஸ் வால்ஷா வெளியிட்ட மென்பொருளின் வழியே பரவிய 'ஏபிசி' முறையில் சுரங்கள் ஒரு வரியிலும் சொற்கள் அதன் கீழ் வரியிலும் எழுதப்படுகின்றன. ஓர் அசை பல சுரங்களில் நீளும்போது அடிக்கோடு இடவேண்டும். அதில் ஒன்று விடுபட்டாலும் அடுத்துவரும் அசைகள் இடம் மாறிவிடக்கூடும். 2006இல் பிரான்சில் தொடங்கிய 'கிரகோரியோ' முயற்சியோ, ஒவ்வோர் அசையையும் எழுதி, அதற்குரிய சுரங்களை அடுத்தே அடைப்புக்குறிக்குள் வைத்தது. பிழை நேர்ந்தால் அது அந்த அசையோடு நின்றுவிடும். 'அல்லேலூயா' என்பதன் இறுதி அசை பல சுரங்களில் நீண்டொலிக்கும் கிரகோரியப் பண்ணுக்கு இதுவே பொருத்தமான வழி. சொல்லைக் கடந்து மகிழ்ச்சி பாடும் அந்நிலையைப் புனித அகுஸ்தினார் வியந்து விளக்கியுள்ளார்.

தமிழருக்கு இதில் தனிக்கவலை ஒன்று உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழிதிறந்தது. தமிழிலோ குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. பிறமொழி மெட்டொன்றின் நீண்ட சுரத்தில் 'வரம்' என்பதன் முதல் அசை விழுந்தால், அது 'வாரம்' என்றே ஒலிக்கும். இறைவனிடம் வரம் வேண்டும் சபை, அறியாமலே வாரத்தை வேண்டிநிற்கும்!

ஆதலால் புதுப்பாடல் எழுதுவோரும் பாடகர் குழுவினரும் ஒவ்வோர் அசையின் கீழும் அதற்குரிய சுரத்தையும் அளவையும் குறித்துப் பார்ப்பது நலம். குறில் நீளும் இடத்தில் சொல்லை மாற்றலாம். அல்லது மெட்டைத் திருத்தலாம். வாய் பாடுவதை உள்ளம் உணரவேண்டுமாயின், செவி முதலில் சொல்லைச் சரியாகக் கேட்கவேண்டும் அன்றோ?