பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த ராஜலட்சுமி

தை பிறந்துவிட்டால் நம் குடியிருப்பில் கல்யாணப் பேச்சுதான். மாடியில் துணி காயப்போடும்போதுகூட, "பொண்ணுக்கு எத்தனை பவுன் போடுதாங்களாம்?" என்ற கேள்வி காதில் விழும். கேட்கும்போதெல்லாம் எனக்கு டி.பி. ராஜலட்சுமி ஞாபகம் வரும். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) கதாநாயகி என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு முந்தைய கதை அதிகம் பேருக்குத் தெரியாது.

1911இல் திருவையாற்றில் பிறந்தவர். ஏழெட்டு வயதிலேயே கல்யாணம். அன்று அது யாருக்கும் ஆச்சரியமில்லை. பெண்ணுக்கு 14 வயதாவது நிரம்ப வேண்டும் என்ற சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1930 ஏப்ரலில்தான். வரதட்சணைப் பிரச்சினையில் அந்தக் குழந்தையைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகப்பனாரும் காலமானார். தாயும் மகளும் திருச்சிக்குப் போனார்கள். அங்கே அவர் நாடகக் கம்பெனியில் சேர உதவியவர் நம் பக்கத்துக்காரர்: காட்டுநாயக்கன்பட்டி சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அப்போது அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான்!

1929இல் 'கோவலன்' என்ற பேசாப்படத்தில் நடித்தார். ஆசைப்பட்டவளுக்காகக் கைப்பொருளை எல்லாம் இழந்தவன் கதை. பேசாப்படத்தில் வசனம் எழுத்தாகத்தான் திரையில் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று உரக்க வாசித்துக் கதை சொல்வார். அதுவரை பெரும்பாலும் புராணம்தான். பிறகு மெல்ல நம் வீட்டுக் கதைகளும் வந்தன. ராஜா சாண்டோ இயக்கிய 'அனாதைப் பெண்', வை.மு. கோதைநாயகியின் நாவல். கோதைநாயகிக்கும் ஐந்து வயதில் கல்யாணம் முடிந்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ராஜலட்சுமி பிற்பாடு, தம்மோடு நடித்த டி.வி. சுந்தரத்தை விரும்பி மணந்தார். 'கமலவல்லி' என்று ஒரு காதல் நாவல் எழுதினார். அதையே 'மிஸ் கமலா' (1936) என்று தாமே தயாரித்து இயக்கினார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான்.

பார்க்கலாம் என்றால் முடியாது. தென்னிந்தியப் பேசாப்படங்களில் ஓரளவு முழுசாக மிஞ்சியது, நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அதன் பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 'கோவலன்' சுருள் போனது போனதுதான்.