சாவி வாங்கிய தேதி

கேமாசிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் இருப்புப்பாதை 1909-இல் பூர்த்தியானதற்குப் பின், ரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்த ரெங்கத்தில், தமிழரின் குடியிருப்புச் சரித்திரம் நெடுங்காலம் பிறர் வீட்டில் வாழ்ந்தவர்களின் சரித்திரமாகவே இருந்தது. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகினாலும், பலகைச் சுவர் இற்றுப்போனாலும், கிராணியிடம் முறையிட்டுவிட்டு, தச்சர் வரும் வரையில் ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். செப்பனிட வேண்டியவர் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. செப்பனிடுவாரா என்பதே சந்தேகம். வேலை போனால் வீடும் போகும் என்ற பயமிருந்தபடியால், உரத்த குரலில் கேட்டவர்களும் சொற்பம்.

1966-ஆம் ஆண்டு மலேசிய நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்தது. மற்றொன்று வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர் அனுமதி பெற்றே தொழில் நடத்த வேண்டும் என்றது. ரப்பரின் இடத்தில் செம்பனை ஏறி, ஆட்களின் தேவை குறைந்து, தோட்டத்துக் குடும்பங்கள் சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் கொண்டு தாமான்களில் வரிசை வீடுகளை வாங்கத் தொடங்கியபோது, முதற் சட்டத்தின் நிழலிலிருந்து இரண்டாவதன் நிழலுக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் புது வீட்டை வாங்கியவர் சில மாதங்களில் அதை மற்றொருவருக்கு விற்றுவிட்டால் என்ன கதி? ஆங்கிலேயரின் பழைய நியாயப்படி, கட்டியவரோடு ஒப்பந்தம் செய்யாதவருக்கு அவரிடம் பாத்தியதையே இல்லை. குப்பை கொட்டி நிரப்பிய நிலத்தில் கட்டிய ஒரு வீட்டை இரண்டாவதாக வாங்கியவருக்கு, அஸ்திவாரத்தைச் சரிவரப் பாராத பாக்னர் ரீஜிஸ் நகர மன்றம் நஷ்டஈடு தர வேண்டுமென்று 1971-இல் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபுவின் அமர்வு தீர்ப்பளித்தது. 1990-இல் பிரபுக்கள் சபை அந்த வழியை அடைத்துவிட்டது. எனினும் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1972-இலேயே, பின்னால் வாங்குவோருக்கும் கட்டுபவரின் கடமை உண்டு என்று தனிச் சட்டம் செய்திருந்தது. நீதிபதிகள் ஏறி இறங்கிய படிகளைப் பார்க்கும்போது, இவ்விஷயத்தைச் சட்டமியற்றுவோரிடமே விட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மலேசியா ஏறக்குறைய அவ்வாறே செய்தது. 1989-ஆம் ஆண்டு விதிகள் விற்பனை ஒப்பந்தத்தின் வாசகத்தையே வரையறுத்தன: சாவி கைக்கு வந்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை, எழுத்து மூலம் அறிவிப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் செப்பனிட வேண்டும். 2007-இல் அந்தக் காலம் 24 மாதங்களாயிற்று. 2002-இல், சாமானியரும் வழக்கறிஞரின்றி அணுகத்தக்க வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் அமைந்தபோது, முதலில் வாங்கியவரிடமிருந்து பிறகு வாங்கியவரும் வீடு வாங்குபவரே என்று சட்டம் பொருள் விளக்கம் தந்தது.

ஆளைச் சேர்த்துக்கொண்ட சட்டம் காலத்தைச் சேர்த்துத் தரவில்லை. கெடு, முதலில் வாங்கியவர் சாவி பெற்ற தேதியிலிருந்தே ஓடுகிறது; இருபதாம் மாதத்தில் வாங்கியவருக்கு எஞ்சுவது நான்கே மாதம். மண் அமர்ந்து சுவர் விரிசல் விடுவதோ சில மழைக்காலங்களுக்குப் பிறகு. நம்மவர்கள் வாசல் எந்தத் திசை என்று மூன்று பேரிடம் விசாரிப்பார்கள். சாவி எந்தத் தேதி என்று விற்பவரிடம் கேட்பவரைக் காண்பது துர்லபம்.

மேலும், இரண்டாம் கிரயத்துக்குச் சட்டம் வகுத்த படிவம் எதுவும் இல்லை. அது இரு தனிமனிதருக்கிடையே வழக்கறிஞர் எழுதித்தரும் பத்திரம். வீட்டை இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி அதில் பெரும்பாலும் இருக்கும். மேம்பாட்டாளரிடம் மிச்சமிருக்கும் உரிமைகளையும், அதுவரை அனுப்பிய முறையீட்டுக் கடிதங்களின் நகல்களையும் வாங்குபவரிடம் ஒப்படைப்பதாக இன்னொரு வரியையும் அதே பத்திரத்தில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.