காஜனூர் ராத்திரியும் பழைய கோயமுத்தூர் ஜில்லாவும்

நெட்ஃபிளிக்ஸில் 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' வந்தது 2023 ஆகஸ்ட்டில். மொத்தமே நாலு பாகம். ஊரே பாத்து, பேசி, மறந்தும் போன பிறகு நான் போன வாரம்தான் உக்காந்து பார்த்தேன் (சோம்பேறித்தனம்தான், வேறென்ன!). நாலில் மூணாவது பாகம், ராஜ்குமார் கடத்தல் வருகிற பாகம், மண்டையில் உக்காந்துகிட்டு இறங்க மாட்டேங்குது. அதான் இந்தப் பதிவு.

கதை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். சின்னப் பசங்களுக்காகச் சுருக்கமா: 2000 ஜூலை 30, ஞாயித்துக்கிழமை, ஆடி அமாவாசை ராத்திரி. தாளவாடி பக்கம் தொட்ட காஜனூரில் தன்னோட பண்ணை வீட்டில் இருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான். கூடவே மருமகன் கோவிந்தராஜு உட்பட மூணு பேரு. போறப்ப ராஜ்குமாரோட மனைவி பர்வதம்மா கையில் ஒரு கேசட்டைக் கொடுத்துட்டுப் போனான். 108 நாள் கழிச்சு, நவம்பர் 15-ல் தான் ராஜ்குமார் வெளியே வந்தார். அதுவரைக்கும் பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடலை. 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த அங்குள்ள தமிழர்கள் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

டிவியில் இதைப் பார்க்கிறப்ப, கன்னடர்களின் தெய்வத்தை ஒரு தமிழன் எல்லை தாண்டி வந்து தூக்கிட்டுப் போன மாதிரித்தான் மனசில் பதியுது. ஆனா வரைபடத்தை எடுத்து வச்சுப் பாருங்க. தலைகீழா இருக்கும்.

கடத்தல் நடந்த காஜனூர் தமிழ்நாடு! ஈரோடு மாவட்டம். சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி அம்மனைக் கும்பிட்டு, திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறினா வருகிற மேட்டு நிலம் அது. அங்கே வீட்டுக்குள்ள பேசறது பெரும்பாலும் கன்னடம், ரேஷன் கார்டு தமிழ்நாடு. கன்னடத்தின் 'அண்ணாவரு' வேர் விட்ட மண் நம்ம பக்கம். தமிழ்ப் போராளின்னு அந்த வருஷம் புதுசா வேஷம் கட்டின வீரப்பன் பிறந்த கோபிநத்தமோ கர்நாடகம்.

இன்னும் கொஞ்சம் பின்னால போகலாம் வாங்க. 1799-ல் திப்பு விழுந்த பிறகு கம்பெனிக்காரங்க கோயமுத்தூர் ஜில்லாவை உருவாக்கினப்ப கொள்ளேகால் தாலுக்காவும் அதுக்குள்ள தான் இருந்தது. சும்மா பத்து, இருபது வருஷமில்லீங்க, 1956 நவம்பர் 1 வரைக்கும்! அன்னைக்கு மொழிவாரி மாநிலம் பிரிச்சப்ப கொள்ளேகால் மைசூருக்குப் போச்சு, தாளவாடி இந்தப் பக்கம் தங்கிடுச்சு. கோபிநத்தம் கொள்ளேகால் தாலுக்காவில் இருந்த ஊர். வீரப்பன் பிறந்தது 1952. அதாவது நம்ம கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்தவன். 1929-ல் பிறந்த ராஜ்குமாரும் அதே ஜில்லாக்காரர் தான். கடத்தினவன், கடத்தப்பட்டவர் ரெண்டு பேருமே ஒரே கலெக்டர் ஆண்ட மண்ணில் பிறந்தவங்க!

ஒரு கோடு போட்டாங்க, அவ்வளவுதான். அந்தக் கோட்டை வச்சுத்தான் பிற்பாடு ஒருத்தர் கன்னடத்தின் அடையாளம் ஆனார், இன்னொருத்தன் கேசட்டில் தமிழ் வீரம் பேசினான். (இன்னொரு தமாஷ்: ராஜ்குமார் கதாநாயகனா அறிமுகமான 1954 படம் 'பேடர கண்ணப்பா'. நம்ம அறுபத்து மூவரில் ஒருத்தரான கண்ணப்ப நாயனார் கதை. காட்டு வேடன் வேஷம்!)

வீரப்பனோட பத்து கோரிக்கையில் காவிரி இருந்தது, பெங்களூரில் திருவள்ளுவர் சிலை இருந்தது (2009-ல் தான் திறந்தாங்க). டிவிக்கு இதெல்லாம் ருசியான விஷயம். எனக்கு உறுத்தினது வேற ஒரு கோரிக்கை. மைசூர் ஜெயிலில் தடா சட்டத்தில் அடைபட்டிருந்த 51 பேரை விடணும்கிறது.

யார் அவங்க? 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாநில அதிரடிப்படையும் மலை கிராமங்களில் புகுந்து அள்ளிக்கிட்டுப் போன கூட்டத்தில் மிச்சம். அரிசி கொடுத்தான், தகவல் சொன்னான், சொல்லலை, ஏதோ ஒரு காரணம். மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க் ஷாப்'னு ஒரு சித்திரவதை முகாமே இருந்ததுன்னு பாதிக்கப்பட்டவங்க சொன்னாங்க. ச. பாலமுருகன் 2004-ல் எழுதின 'சோளகர் தொட்டி' நாவல் படிச்சிருந்தீங்கன்னா நான் சொல்ல வேண்டியதே இல்லை. படிக்காதவங்க சீரியலைப் பாக்குறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுடுங்க.

ரெண்டு அரசும் 51 பேரை விடத் தயார் ஆயிடுச்சு. அப்ப உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அப்துல் கரீம். 1992 ஆகஸ்ட் 14-ல் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோட சேர்த்து வீரப்பன் கும்பல் கொன்ன எஸ்.ஐ. ஷகீல் அகமதுவின் அப்பா. நடிகர் உயிருக்காக என் மகன் கேஸில் உள்ளவங்களை எப்படி விடலாம்னு கேட்டார். 2000 நவம்பர் 7-ல் கோர்ட் அவர் பக்கம் நின்னது. அந்த அப்பாவோட கேள்வியில் ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

ஆனா அடுத்த வருஷமே, 2001-ல், மைசூர் தடா கோர்ட் குத்தம் சாட்டப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களை விடுதலை பண்ணிடுச்சு. எட்டு வருஷம் உள்ளே இருந்த பிறகு! அந்த அப்பாவுக்கும் நியாயம் வேணும், செய்யாத தப்புக்கு எட்டு வருஷம் கிடந்தவனுக்கும் நியாயம் வேணும். ரெண்டு பேரும் வரிசையில் நிக்கறப்ப, ஒரு நடிகரைக் கடத்தினா தான் ரெண்டாவது ஆள் பேரே பேப்பரில் வருதுங்கிறது என்ன நாட்டு லட்சணமோ தெரியலை.

தேசிய மனித உரிமை ஆணையம் போட்ட சதாசிவா கமிட்டி வந்து, 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நஷ்ட ஈடுன்னு சொன்னாங்க. தலைக்குக் கணக்குப் போட்டா மூணு லட்சத்துக்குச் சொச்சம் வரும்.

வீரப்பனை நான் ஹீரோவா எழுதறேன்னு யாரும் கிளம்பிடாதீங்க. ஸ்ரீனிவாஸ்னு ஒரு வன அதிகாரி. கோபிநத்தம் சனங்களோட சனமா இருந்து, அவங்களுக்குக் கோயில் கட்டிக் கொடுத்த மனுஷன். 1991 நவம்பரில் சரணடையறேன்னு நம்ப வச்சு வரச் சொல்லி, தலையை வெட்டினவன் வீரப்பன். அதைத் தெரிஞ்ச பிறகும் மீசையைப் பாத்துக் கைதட்ட எனக்கு வரலை. 2007-ல் மக்கள் தொலைக்காட்சியில் வந்த 'சந்தனக்காடு' காலத்திலிருந்தே நமக்கு இந்த மீசை மயக்கம் உண்டு.

வீரப்பன் 2004 அக்டோபர் 18-ல் பாப்பாரப்பட்டி பக்கம் செத்தான். ராஜ்குமார் 2006-ல் காலமானார், பர்வதம்மா 2017-ல். கடத்தல் கேஸ் மட்டும் கோபிச்செட்டிபாளையம் கோர்ட்டில் வாய்தா வாய்தாவா ஓடிக்கிட்டே இருந்தது. 2018 செப்டம்பர் 25-ல் தீர்ப்பு. மிச்சமிருந்த ஒன்பது பேரையும் ஆதாரம் போதலைன்னு விடுதலை பண்ணிட்டாங்க. ரெண்டு மாநிலத்தையே 108 நாள் நிறுத்தி வச்ச அந்தக் காஜனூர் ராத்திரிக்கு, பதினெட்டு வருஷம் கழிச்சு, சட்டப்படி குற்றவாளின்னு ஒருத்தர் கூட இல்லை.