தியோகொனி

தியோகொனி: கடவுளரின் பிறப்பையும் குலமுறையையும் சொல்லும் பண்டைக் கிரேக்கப் பாடல் வகை. இவ்வகையில் முழுமையாகக் கிடைப்பது ஹெசியோட் பாடிய ‘தியோகொனி’ ஒன்றே. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அடிகள் கொண்டது, கி.மு. 700ஐ ஒட்டியது என்பது பெரும்பான்மைக் கருத்து. ஹெசியோட் ஹோமருக்கு முந்தியவரா பிந்தியவரா என்ற வழக்கு பழங்காலத்திலேயே எழுந்தது, இன்னும் தீரவில்லை.

ஹெசியோட் பொயோஷியா நாட்டில் ஹெலிகான் மலையடிவாரத்து அஸ்க்ரா என்னும் சிற்றூரினர். தந்தை பிழைப்புத் தேடி ஆசியா மைனரிலிருந்து கடல் கடந்து வந்தவர். ஆடு மேய்க்கையில் மியூஸ்கள் என்னும் கலைமகளிர் லாரல் கோல் தந்து தமக்குப் பாட்டருளியதாக, பாடலின் தொடக்கப் பகுதியில் தம் பெயரைச் சொல்லியே கூறுகிறார்.

முதலில் கேயாஸ் என்னும் வெறும்பிளவு. அடுத்து நிலமகள் கயா. அவள் வானமாகிய ஊரானோஸை ஈன்று, அவனையே கூடிப் பிள்ளைகள் பெறுகிறாள். அவன் அவர்களை வெளியே விடாமல் அவளுக்குள்ளேயே அடைக்கிறான். அவள் செய்து கொடுத்த அரிவாளால் கடைக்குட்டி குரோனோஸ் தந்தையின் குறியை அறுக்கிறான். பின்பு அவனும் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்குகிறான். ஜீயஸ் பிறந்ததும் தாய் ரேயா, குழந்தைக்குப் பதில் துணி சுற்றிய கல்லைக் கொடுக்கிறாள், அதையும் விழுங்கிவிடுகிறான். அவன் கக்கியபின் அக்கல்லை ஜீயஸ் டெல்ஃபியில் நாட்டினான் என்கிறது பாடல். கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பாசானியஸ் அங்கே அதைக் கண்டு எழுதியிருக்கிறார்: பெரிய கல்லன்று; நாள்தோறும் எண்ணெய் வார்ப்பார்கள், விழா நாட்களில் பதப்படுத்தாத ஆட்டுமயிர் சாத்துவார்கள்.

உலகின் ஆழத்தையும் ஹெசியோட் அளக்கிறார். வானிலிருந்து விழும் வெண்கலப் பட்டடைக்கல் ஒன்பது நாள் விழுந்து பத்தாம் நாள் நிலத்தைத் தொடும். அங்கிருந்து பாதாளமான டார்டரஸுக்கும் அதே தொலைவு. எளிய கொல்லுப்பட்டறைப் பொருளைக் கொண்டு பேரண்டத்தை அளந்த இவ்வடிகள் நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் வைக்கத்தக்கவை.

நூலின் இறுதிப் பகுதி பிற்சேர்க்கை என்பார் பலர். எங்கே தொடங்குகிறது என்பதில் ஒற்றுமையில்லை. ஹெக்கட்டி என்னும் தேவிக்கான நீண்ட புகழ்மொழியையும் சிலர் ஐயுற்றனர். 20ஆம் நூற்றாண்டில் வெளியான, ஆசியா மைனரின் பண்டை ஹிட்டைட் மக்களின் களிமண் பலகைகளில், குரோனோஸ் கதையைப் போலவே, குமார்பி என்னும் கடவுள் வானக்கடவுள் அனுவின் குறியைக் கடித்து அரியணையைக் கைப்பற்றுகிறான். இக்கதைமரபு கிழக்கிலிருந்து கிரேக்கத்துக்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. எப்போது, யார் வழியாக என்பதில் கருத்து வேறுபடுகிறது.

இவ்வகையின் பிற பாடல்களும் இருந்தன. கிரீட் தீவின் எபிமெனிடீஸ் பெயரில் வழங்கிய பாடலில் காற்றும் இரவும் முதற்பொருள்கள்.

புராணப் பாடகன் ஓர்ஃபியூஸ் பெயரில் வழங்கியவை பல. முட்டையிலிருந்து ஒளிக்கடவுள் ஃபானிஸ் பிறக்கும் கதை, பிற்காலத் தத்துவர்களின் மேற்கோள்களால் எஞ்சியது. ஆனால் கி.மு. 414இலேயே அரிஸ்டோஃபனீஸ் ‘பறவைகள்’ நாடகத்தில் இரவு முட்டையிடுவதாக நகையாடியிருக்கிறார்.

1962இல் தெசலோனிக்கி அருகே தெர்வேனியில், ஈமத்தீயில் கருகிய பாப்பிரஸ் சுருள் ஒன்று கிடைத்தது. ஓர்ஃபியூஸ் பாடலொன்றுக்கான உரை அதில் உள்ளது. முழுப் பதிப்பு 2006இல் வெளிவந்தது; சுருள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.